இறங்க மறுத்த வைனும் ஏற மறுத்த பியரும்

ஒரு வாளியில் இருப்பதை இன்னொரு வாளிக்கு மாற்றுவது, கேட்கும்போது உலகத்திலேயே சுகமான வேலை. அந்தச் சுகமான வேலை சரிவராத ஆட்களை நம்பித்தான் நான் சில வருடங்கள் சோறு தின்றேன்.

வீட்டில் பியரோ வைனோ போட்டு, குழாயும் கையுமாக பேஸ்மென்டில் குந்தியிருந்து, ‘ஓடேன், ஓடித் தொலையேன்’ என்று கெஞ்சிய அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியென்றால் கிட்ட வாருங்கள், நாம் ஒரே கட்சி. பம்ப் உறுமும், பியர் அசையாது. குழாயில் ஒரு குமிழி வந்து நடுவில் குந்திக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் அள்ளிக்கொண்டு ஓடிவருகிற இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான்.

இது இரண்டாயிரத்துச் சொச்சம். எதற்கெடுத்தாலும் கணினியில் வீடியோ பார்த்துத் திருத்துகிற பழக்கம் இன்னும் வரவில்லை. பிரெஞ்சு பேசுகிற எங்கள் நகரத்தில், ரொக்ஸ்பரோ ஸ்டேசனில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் கஸ்தோனின் கடை. வைன் போடுகிற சாமான், ஈஸ்ட், வாளி, குழாய், பம்ப் எல்லாம் அங்கே கிடைக்கும். அதற்கு முதல் நான் டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்டில் இரவு முழுக்கச் சட்டி கழுவினேன். நான் வீட்டுக்கு வரும்போது மகள் நித்திரை. அவள் எழும்பும்போது நான் நித்திரை. லீவு நாளில் கண் முழித்த என்னைக் கண்டு, யாரோ வந்த ஆள் என்று பயந்து அந்தச் சின்னது தாயின் பின்னால் போய் ஒளிந்தது. அன்றைக்கு நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பகல் வேலை எங்கே கிடைக்கும் என்று நாயாக அலைந்து கஸ்தோனிடம் வந்து சேர்ந்தேன்.

கஸ்தோன் பெரிய தொப்பையும் சின்னக் கண்ணுமாக ஒரு மனிதர். பிரெஞ்சில் மெதுவாக, நான் ஒரு சொல்லும் தவறவிடாதபடி நிபந்தனையைச் சொன்னார்: “சிவா, ஒரு ஆள் ஒரு முறைப்பாட்டோடு வரலாம். அதே ஆள் அதே முறைப்பாட்டோடு இரண்டாம் தரம் வந்தால், நீ உன்னுடைய சட்டிகளிடம் திரும்பிப் போகலாம். ஈஸ்டர் வரைக்கும் பார்ப்போம்.”

பாதியில் நின்ற பியர்

முதல் நாள். நான் கோட்டைக் கழற்றி மாட்டக்கூட இல்லை, மார்செல் என்ற பஸ் சாரதி வந்து ஒரு குழாயை மேசையில் தொப்பென்று போட்டார். “ஒவ்வொரு முறையும் சரி பாதியில் நிற்கிறது. உறிஞ்சினால் கொஞ்சம் வருகிறது, திரும்ப நிற்கிறது. மிச்சப் பாதி என்ன பாவம் செய்தது?” என்று கேட்டார். ‘சரி பாதி’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு பல்ப் எரிந்தது! வாளிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “நிலத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. கடையில் இருந்த இரண்டு கண்ணாடிப் போத்தல்களை எடுத்து, ஒன்றில் தண்ணீர் நிரப்பி, குழாய் போட்டுக் காட்டினேன். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்ததும் ஓட்டம் நின்றது. பிறகு ஒன்றைப் பெட்டியின் மேல் தூக்கி வைத்தேன். மறுபடியும் சளசளவென்று ஓடத் தொடங்கியது. “மேலே இருப்பது கீழே வரும், மிஸ்யூ. உங்கள் வாளிகளில் எது மேலே, எது கீழே என்று பியருக்கு எப்படித் தெரியும்?” மார்செல் போத்தல்களைத் தானே தூக்கியும் இறக்கியும் பார்த்தார். போன தரம் பியர் சிந்தியதிலிருந்து மனைவி சமையலறை மேசையைத் தொடவிடுவதில்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகு கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டிவிட்டுக் கேட்டார்: “அப்போ நான் வாங்கவேண்டியது குழாய் இல்லை, மேசை; அது உங்களிடம் இருக்கிறதா?”

வாய் வைக்காத வித்தை

நிக்கோலா என்ற இத்தாலியப் பெரியவர் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் முந்திரிகைப் பழம், அதாவது திராட்சை, பெட்டி பெட்டியாக வாங்கி வைன் போடுகிறவர். அந்த வருடம் அவருக்கு மூச்சு போதவில்லை. குழாயில் வாய் வைத்து உறிஞ்சுவார், வைன் மேலே ஏறும், வாயை எடுத்துக் குழாயைக் கீழே கொண்டுபோவதற்குள் காற்றுப் புகுந்து எல்லாம் திரும்பி வாளிக்கே போய்விடும். பலமான பம்ப் ஒன்று தா என்று கேட்டு வந்தார். கடையிலேயே உறிஞ்சியும் காட்டினார். எனக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. நாங்கள் செம்பை வாயில் முட்டாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்த கூட்டம். ஊருக்கெல்லாம் கொடுக்கப்போகிற வைனில் வாய் வைத்த குழாயா! எச்சில் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? துப்பல் என்று சொல்லலாம். அது எச்சிலில் கால்வாசிகூட இல்லை.

ஆனால் பாருங்கள், அந்த அருவருப்புத்தான் எனக்குக் கைகொடுத்தது. வாயே வைக்காமல் என்ன செய்யலாம் என்று நான் என் வீட்டுக் குசினியில் ஏற்கெனவே பழகி வைத்திருந்தேன். குழாய் முழுக்கச் சுத்தமான தண்ணீரை நிரப்பு, இரண்டு முனையையும் பெருவிரலால் பொத்து, ஒரு முனையை வைனுக்குள் விடு, மற்றதைக் கீழே இறக்கு, விரலை எடு. முதலில் ஒரு குவளை தண்ணீர் போகும், பின்னாலேயே வைன் வரும். மூச்சும் வேண்டாம், பம்பும் வேண்டாம். நிக்கோலா கைதட்டினார். அந்த உற்சாகத்தில், வாயிலிருந்து போகிற கிருமியால் வைன் புளித்துப்போகவும் கூடும் என்று ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சிவந்தது. “என் வாயில் கிருமியா? தம்பி, நான் காலையிலேயே கிராப்பாச் சாராயத்தால் கொப்பளித்துவிட்டுத்தான் வைனைத் தொடுகிறேன்!”

தோட்டக்காரனின் பம்ப்

குணம் அண்ணை பியர்பொன்ட்ஸில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். ஊரில் வெங்காயமும் கத்தரியும் வைத்தவர். பம்ப் என்றால் என்னவென்று தனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பது அவருடைய கட்சி. கடையில் ஒரு சின்ன பியர்ப் பம்ப் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாளே போன் வந்தது: “தம்பி, சாமான் உறுமுது, சொட்டுக்கூட வரேல்லை. தண்ணி விட்டும் பாத்திட்டன். உது பழுதுச் சாமான்.” இது முதலாம் தரம். இரண்டாம் தரம் வந்தால் என் கதை முடிந்தது. வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து அவர் வீட்டுக்கே ஓடினேன்.

போய்ப் பார்த்தால், பேஸ்மென்டில் பியர்ச் சட்டி வைத்த அடுப்புக்கு மேலே ஒரு தட்டு அடித்து, அதில் பம்பைக் கம்பீரமாக ஏற்றி வைத்திருக்கிறார்! கிணற்றுக்கு மேலே மெசினை வைத்துக் கீழேயிருந்து இழுத்த பழக்கம். ஊர் மெசினுக்குக் கிணற்றுக்குள் புட்வால்வ் இருக்கும், ஊற்றிய தண்ணீரைக் கீழே விழவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். இங்கே அது ஏது? அவர் ஊற்றியதெல்லாம் அந்தக் கணமே கீழே போய்விட்டது. “அண்ணை, இந்தப் பம்புக்கு உறிஞ்சத் தெரியாது, தள்ள மட்டும்தான் தெரியும். இது சட்டிக்குக் கீழ இருக்கவேணும்” என்றேன். அவர் நம்பவில்லை. பம்பைக் கழற்றி நிலத்தில் வைத்தேன். சட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டு, பைப்பைத் திறந்து, பம்ப் தானாக நிரம்பும் வரைக்கும் பொறுத்து, சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் பீறிட்டு மேலே போய்க் கூரையில் அடித்தது! இரண்டு பேரும் நனைந்துகொண்டு ஓவென்று கத்தினோம். மேலேயிருந்து அவருடைய மனைவி, “என்ன, அங்க மேட்ச் பாக்கிறியளோ?” என்று கேட்டார். குணம் அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோற்றதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் சொன்னார்: “ஓடுது, சரி, ஆனா இதைக் கொண்டுபோய்க் கிணத்தில வைச்சா ஒரு கத்தரிக் கண்டுக்கும் தண்ணி காணாது!”

உறைந்த உறுமல்

தை மாதம் ஒரு பல்கலைக்கழக மாணவன் டவுன்டவுனிலிருந்து ரயிலேறி, ஹொக்கி விளையாட்டுப் பைக்குள் பம்பைச் சுமந்துகொண்டு வந்தான். அடிபடக்கூடாது என்று இரண்டு தடித்த ஸ்வெட்டரால் சுற்றியிருந்தான். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, உள்ளே ஒன்றும் சுற்றவில்லை. நான் ஸ்க்ரூவைக் கழற்றித் தலைப்பகுதியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பனிக்கட்டி, அச்சில் வார்த்த மாதிரி! போன தரம் பியர் காய்ச்சிய பிறகு தண்ணீரை வடிக்காமல் பல்கனியில் வைத்திருக்கிறான். ஸ்வெட்டர் அதைப் பத்திரமாக உருகவிடாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. நல்ல காலம், வெடிக்கவில்லை. ஹீட்டர் மேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் கோப்பி குடித்தோம். கட்டி உருகி வழிந்ததும் பம்ப் பூனைக்குட்டியாகச் சுற்றியது. பையன் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னான்: “எல்லோரிடமும் கேட்டேன், எல்லோரும் மோட்டார் பழுது என்றார்கள், ஒருவர்கூட ஜனவரி என்று சொல்லவில்லை!”

மூச்சு முட்டிய வாளி

ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் தொடங்கியபோது நான் காற்றில் மிதந்துகொண்டிருந்தேன். ஒருவரும் இரண்டாம் தரம் வரவில்லை. மகள் பின்னேரங்களில் வாசலுக்கு ஓடிவந்து என் காலைக் கட்டிப்பிடிக்கப் பழகிவிட்டாள். ஈஸ்டர் மட்டும் தாண்டவேண்டும், அவ்வளவுதான்!

அப்போதுதான் அந்தோனி அண்ணை வந்தார். மன்னார் ஆள், கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. ஈஸ்டருக்கு அடுத்த கிழமை மகளுக்குக் கலியாணம். கலியாணத்துக்கு முதல் நாள் வீட்டு விருந்துக்குத் தானே வைன் போடுவேன் என்று சம்பந்தி வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். “தம்பி, ஓடத் தொடங்குது, பேந்து மெல்ல மெல்லக் குறைஞ்சு நிண்டுபோகுது. வாளியும் ஒரு மாதிரி ஒடுங்குது” என்றார். ஒடுங்குகிறதா! அவர் சொல்லி முடிக்கவில்லை, எனக்குப் பிடிபட்டுவிட்டது. மூடி இறுக்கமாகப் பூட்டியிருக்கிறது, குழாய் போகிற ஓட்டையும் இறுக்கம். வைன் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும், வர வழியில்லை. நான் ஒரு வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்து உறிஞ்சி, அது நசுங்குவதைக் காட்டினேன். மாற்றுகிற நேரம் மூடியைத் திறந்தே வையுங்கள் என்றேன். பின்னேரம் போன் எடுத்தார். ஓடுகிறதாம், ஆறு மாதிரி ஓடுகிறதாம். “மனுசி மேரியிட்டச் சொல்லிப்போட்டன் தம்பி, மூடியில இனிக் கை வைக்கக்கூடாதெண்டு, அவ ஓமெண்டிட்டா!”

ஆட்கள் வந்தால் நிற்கிறது

ஈஸ்டருக்கு ஒரு கிழமை இருக்க, குருத்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை. கடையில் போன் அடித்தது. எடுத்தவர் கஸ்தோன். கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அந்தோனி. அதே ஆள். அதே முறைப்பாடு” என்றார். மகள் தாயின் பின்னால் ஒளிந்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கஸ்தோன் கார்ச் சாவியை எடுத்தார். “வா. முதலில் கண்ணால் பார்ப்போம்.”

அந்தோனி அண்ணை வீட்டில் கால் வைக்க இடமில்லை. ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பேஸ்மென்டில் மேசையில் வாளி, அதன் பக்கத்தில் மேரி அக்கா. கீழே அந்தோனி அண்ணை வாளிக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து போத்தல்களுக்கு வைன் பிடித்துக்கொண்டிருந்தார். மூடி திறந்திருந்தது, வைன் அழகாக ஓடியது! “இப்ப ஓடும் தம்பி. ஆக்கள் வந்தா நிக்குது” என்று காதுக்குள் சொன்னார். “அதுவும் பாரிஸிலயிருந்து வந்த புஷ்பம் மாமி இறங்கி வந்தா உடன நிக்குது.”

சொல்லி வாய் மூடவில்லை, படியில் காலடிச் சத்தம். நான் குழாயைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தேன். மேரி அக்காவின் கை தன்பாட்டில் மூடியை எடுத்து, ‘டப்’ என்று அழுத்திப் பூட்டியது! புஷ்பம் மாமி தோளில் கறுப்புக் கம்பளிச் சால்வையோடு வந்து நின்று, “என்ன, வைன் போகுதோ?” என்று கேட்டார். வைன் மெலிந்தது, நூலானது, நின்றது. வாளி மெல்ல ஒடுங்கியது. அந்தோனி அண்ணை என்னைப் பார்த்து, ‘கண்டியோ?’ என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

கண்டேன்! வந்த ஆட்களின் பார்வையால் கண்ணூறு படக்கூடாது என்று மேரி அக்கா மூடுகிறார். மூடுவதால் வைன் நிற்கிறது. நிற்பதைக் கண்டு, கண்ணூறு பட்டுவிட்டது என்று பயந்து அடுத்த தரம் இன்னும் இறுக்கி மூடுகிறார். ஆட்கள் போனதும், நான் சொன்ன சொல்லுக்கு மரியாதை கொடுத்துத் திறந்துவிடுகிறார். ஐயோ, என்ன அருமையான பழுது! எனக்குச் சந்தோசத்தில் கத்தவேண்டும்போல இருந்தது.

ஆனால் எப்படிக் கத்துவது? “அந்த அம்மா ஏன் மூடியை மூடினார்?” என்று கஸ்தோன் பிரெஞ்சில் உரக்கக் கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். காரணத்தைச் சொன்னால் என் வேலை நிலைக்கும். ஆனால் புஷ்பம் மாமியின் முகத்துக்கு நேரே, உங்கள் கண்ணுக்குப் பயந்துதான் என்று சொல்கிற துணிச்சல் எந்தக் கலியாண வீட்டில் யாருக்கு இருக்கிறது? பிரெஞ்சில் சொல்லித் தப்பலாம் என்றால் மாமி பாரிஸ்காரி, என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு தெரியும். மேரி அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கஸ்தோன் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

“வெளிச்சம்!” என்றேன் நான். “வைனில் வெளிச்சம் படக்கூடாது, அதற்குத்தான் மூடினார். அது நல்ல எண்ணம். ஆனால் மூடி வேண்டாம், ஒரு கறுப்புத் துணி போதும். வெளிச்சம் போகாது, காற்றுப் போகும்.” பொய்யும் இல்லை, வைனுக்கு வெளிச்சம் ஆகாதுதான். துணிக்கு ஆளாளுக்குச் சுற்றிப் பார்த்தார்கள். புஷ்பம் மாமி தோளில் கிடந்த சால்வையை உருவினார். மூடியைத் தானே கழற்றி எறிந்துவிட்டு வாளியைச் சால்வையால் போர்த்தினார். நான் மேசைக்குக் கீழே குந்திக் குழாயைப் போத்தலுக்குப் பிடித்தேன். ஒரு குமிழி, இன்னொரு குமிழி, பிறகு வைன்! மாமி நிற்கிறார், வைன் ஓடுகிறது! அந்தோனி அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். மேரி அக்கா கதிரையில் குந்திவிட்டார். மாமி சால்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்துவிட்டு மேரி அக்காவிடம் இரகசியமாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “வெளிச்சமோ என்னவோ, வந்திருக்கிற சனத்தின்ர கண் சரியில்லை, நீ வடிவா மூடி வை பிள்ளை!”

தீர்ப்பு

திரும்பி வரும்போது காருக்குள் கஸ்தோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணூறு என்றால் என்ன, யாரிடம் அதைச் சொல்லக்கூடாது, ஏன் சொல்லக்கூடாது, எல்லாம். என் பிரெஞ்சு தடக்கி விழுந்து எழும்பியது. அவர் றோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கடைசியில் நானே கேட்டுவிட்டேன்: அதே ஆள், அதே முறைப்பாடு, திங்கட்கிழமை நான் எங்கே போகவேண்டும்? அவர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி, தொப்பை குலுங்கச் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “முதலாம் தரம் பழுது மூடியில், இரண்டாம் தரம் பழுது மாமியில், மாமியைப் பற்றி நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லையே, திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துவிடு.”

சக பாதிக்கப்பட்டவர்களே, அந்தக் கடையில் நின்ற காலம் முழுக்கப் பழுதான பம்பும் குழாயும் நான் கண்டது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றி நின்ற எங்களைக் கழற்றிப் பூட்டிய வேலை.